நாக்கு நீட்டிய மரியாதை

மல்லேஸ்வரம், பெங்களூர்
24-11-1937

மகா-ள-ஸ்ரீ பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, ரிடயர்டு ஹெட்கிளார்க் வெங்கடசுப்ரமணியன் அநேக நமஸ்காரம். இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று எழுதத்தான் ஆசை. எழுதவிடாமல் செய்தது தங்கள் வாரப் பத்திரிகையின் 'உலக விநோதம்' பக்கம்.

ஆறு வருஷமாக அந்தப் பக்கத்தை ஒரு வரி விடாமல் வீட்டாருக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறவன் நான். ஜப்பானில் மரத் தலையணை வைத்துத் தூங்குவார்கள் என்று போட்டீர்கள். நானும் மணையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். நாலு நாள் கழுத்து இடப்பக்கமே நின்றுவிட்டது. எங்கள் எட்டாவது கிராஸ் தெருவில் வலப்பக்கம் வந்தவர்களுக்கெல்லாம் நான் முகம் கொடுக்கவில்லையென்று வருத்தம். அதைக்கூடப் பொறுத்தேன். போன மாதம், திபெத்தில் பெரியவர்களைக் கண்டால் நாக்கை நீட்டி மரியாதை செய்வார்கள் என்று போட்டீர்களே, அதைத்தான் ஐயா பொறுக்க முடியவில்லை.

என் பெண் கோமளத்துக்கு ஏழு ஜாதகம் தட்டிப்போய், எட்டாவதாக ஒரு பசவனகுடி வரன் பொருந்தியது. பிள்ளை சேஷகிரி, காலேஜில் கணக்கு வாத்தியார். தகப்பனார் ஸ்ரீகண்டன் பதினைந்து வருஷம் இமயமலைப் பக்கம் காலிம்பாங்கில் தபால் உத்தியோகம் பார்த்தவர், திபெத்து வியாபாரிகளோடு பழகியவர் என்று தரகர் எழுதியிருந்தார். விடுவேனா? பெண் பார்க்க வருகிறவரை அந்தச் சீமை முறைப்படியே வரவேற்க வேண்டும், வீட்டில் எல்லாரும் நாக்கை நீட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டேன். "என் நாக்கு சாம்பார்ல உப்பு பாக்கறதுக்குத்தான் இருக்கு" என்று என் சம்சாரம் பாகீரதி அடுப்படிக்குப் போய்விட்டாள். கோமளம் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜட்கா வாசலில் வந்து நின்றது. ஸ்ரீகண்டன் முதலில் இறங்கினார். நான் கைகூப்பி, நாக்கை முழு நீளத்துக்கு நீட்டினேன். அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு கண் கலங்க அவரும் நீட்டினார். நாங்கள் இப்படிப் பரஸ்பரம் மரியாதை செய்துகொண்டிருக்கும்போதுதான் அவருடைய சம்சாரம் ருக்மிணி அம்மாள் இறங்கினாள். காலிம்பாங் குளிருக்குப் பயந்து அத்தனை வருஷமும் பெங்களூரிலேயே இருந்துவிட்டவளாம்.

"என்ன இது, பொண்ணு பாக்க வந்த எடத்துல வாசல்லயே அழகு காட்டறார்! நீங்களும் சரிக்குச் சரி நிக்கறேளே!"

"அது மரியாதைடீ."

"எந்த ஊர் மரியாதை?"

"திபெத்து."

"அப்படின்னா பொண்ணையும் திபெத்துலயே குடுக்கச் சொல்லுங்கோ. ஏறுங்கோ வண்டில!"

பிள்ளை இறங்கக்கூட இல்லை, ஜட்கா திரும்பிவிட்டது. ஜட்காக்காரன் மட்டும், "க்யா சாமி, டாக்டரைக் கூப்பிடவா?" என்று விசாரித்தான். தட்டு நிறையக் கேசரியும் பஜ்ஜியும் ஆறிப்போயின. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிய கோமளம் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. பெண்ணின் வாழ்வில் நானே மண்ணை அள்ளிப் போட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகையால் இனி ஒவ்வொரு விநோதத்தின் அடியிலும் 'பெண் வீட்டார் பரீட்சிக்க வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் போட வேண்டியது. என் சந்தாவை இந்த வாரத்தோடு நிறுத்த வேண்டியது. தங்களுக்கும் அச்சாபீஸ் சிப்பந்திகளுக்கும் சகல மங்களமும் உண்டாகட்டும். தங்களுக்குக் கல்யாண வயதில் பெண் இருந்தால் அவளுக்கு முதலில் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
வெங்கடசுப்ரமணியன்

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டும் சமயத்தில் ஸ்ரீகண்டன் நேரில் வந்துவிட்டார். பிள்ளை இந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரையும் பார்க்கமாட்டேன் என்கிறானாம். வாசலில் நாங்கள் நிற்கும்போது, கோமளம் என் உத்தரவை மதித்து ஜன்னலிலிருந்து ஜட்காவைப் பார்த்து நாக்கை நீட்டியிருக்கிறாள். அவனும் பதிலுக்கு நீட்டியிருக்கிறான். மூன்று நாளாக அவள் பேசாதது கோபத்தால் இல்லையாம், வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும் என்றுதானாம். ருக்மிணி அம்மாளும் சம்மதித்துவிட்டாள். மூன்றாவது முடிச்சு விழும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. முகூர்த்தம் தை மாதம். சந்தாவை நிறுத்த வேண்டாம். ஸ்ரீகண்டன் பேருக்கும் ஒரு பிரதி அனுப்பவும். ஆனால் தை முடியும்வரை, தயவுசெய்து, மிருகங்களைப் பற்றி மட்டும் போடுங்கள்.