பள்ளத்தில் போட்ட போல்ட்

ஸ்ரீவில்லிபுத்தூர்

மதிப்பிற்குரிய சமுத்திரம் மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகன் கௌதம்ராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். கூரை நலமில்லை. இராஜபாளையத்தில் அத்தை நலமா, மில்லில் நைட் ஷிப்ட் குறைந்ததா என்றெல்லாம் கேட்டாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். போனை எடுக்காதவருக்கு இதற்கு மேல் மரியாதை வராது, அதனால்தான் தபால்.

நம் வீட்டு சிமெண்ட் ஷீட்டைக் கழற்றிவிட்டு, இரும்பு பைப்பில் சட்டம் அடித்துக் கலர் ஷீட் போட பட்ஜெட் போட்டேன். கிருஷ்ணன்கோவிலில் நாலு வருஷம் சிவில் படித்தவன் போட்ட பட்ஜெட். பைப், ஷீட், வெல்டிங் கூலி, வண்டி வாடகை, எதிர்பாராச் செலவு, எல்லாம் என் சேமிப்புக்குள் அடங்கியது. அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "எந்தம்பிக்கு வேட்டி துண்டு எங்கலே?" என்றாள். எதற்கு என்றேன். "கூரை போட்ட கைதாம்லே பிரிக்கணும். அவனக் கூப்பிட்டு, வேட்டி துண்டு குடுத்து, அவன் ஒரு போல்ட்டக் கழட்டுன பொறவுதான் மத்தவன் கை வைக்கணும்." இதை நான் எந்தத் தலைப்பில் சேர்ப்பது? சேர்க்கவில்லை. அங்கே ஆரம்பித்தது.

ஐப்பசி அடைமழைக்குள் முடிக்க வேண்டுமே என்று வெல்டர் அபுதாஹிரை அளவெடுக்கக் கூட்டி வந்தேன். நாங்கள் மேலே ஏறியதும் அம்மா ஏணியை எடுத்துவிட்டாள். "எந்தம்பிட்டக் கேக்காமப் பிரிச்சிருவியளோ?" "யக்கா, நான் டேப்பத்தான் கொண்டாந்தேன், ஸ்பேனர் கூட இல்ல!" என்று அவர் கெஞ்சுகிறார். அந்நேரம் பார்த்து மேற்கு மலையிலிருந்து மழை இறங்கியது. மேலே நாங்கள் நனைகிறோம். கீழே ஒழுகுகிற இடமெல்லாம் குண்டான், போணி, ரசச் சட்டி என்று அம்மா வரிசையாக வைக்கிற சத்தம் கேட்கிறது. அப்போதுதான் உங்கள் போன். மழை பெய்தால் உங்கள் போன் வரும், தெரிந்ததுதானே. ஒழுகுதாக்கா என்று கேட்டிருப்பீர்கள். விரிசல் வழியாகப் பார்க்கிறேன்: தலையில் புடைக்கிற சொளகைக் கவிழ்த்துக்கொண்டு நின்ற அம்மா, "ஒரு சொட்டு கெடையாதுப்பா. நீ போட்ட கூரையில்ல!" என்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. மேலேயிருந்தே, "பொய்! மேட்டுல போட வேண்டிய போல்ட்டப் பள்ளத்துல போட்டிருக்காரு உந்தம்பி!" என்று கத்தினேன். நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள்.

சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன். ஷீட் அலை அலையாக இருக்கிறது. மேட்டில் துளை போட்டால் தண்ணீர் ஒதுங்கிப் போகும், பள்ளத்தில் போட்டால் வீட்டுக்குள் வரும். அவ்வளவுதான். அப்பா செத்த வருஷம், ஆள் வைக்க வழியில்லாமல், ஷிப்ட் முடித்துத் தூங்காமல் பஸ் ஏறி வந்து நீங்களே போட்ட கூரை என்பது எனக்கும் தெரியும். அதற்காக ஓட்டையைச் சரி என்று சொல்ல முடியுமா? ஆனால் அதன் பிறகு இரண்டு மழை பெய்துவிட்டது, உங்கள் போன் வரவில்லை. அம்மா பாத்திரம் வைப்பதையே விட்டுவிட்டாள். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வீடெல்லாம் தண்ணிம்மா என்றால், "செத்த நேரம் சும்மா இரு, அவன் கூப்பிட்டாக் கேக்காது" என்கிறாள். இப்போது போணி வைப்பது நான்.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். போனில் அம்மாவிடம், பிரிச்சுக்கோங்க என்று ஒரு வார்த்தை. நேரில் வர வேண்டாம். வேட்டி துண்டுக்குப் பட்ஜெட்டில் இடமில்லை. ஸ்பேனரோடு தாங்கள் மேலே ஏறவே வேண்டாம்.

அத்தையை ரொம்பக் கேட்டதாகச் சொல்லவும். தாங்கள் இருக்கும் இடம் என்றும் நனையாமல் இருக்கட்டும்.

தங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,
கௌதம்ராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் அம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். "எல்லாஞ் சரிதாம்லே. ஒழுகாட்டா அவன் எதுக்குக் கூப்பிடுவான்?" என்றாள். எதிர்பாராச் செலவை அடித்துவிட்டு வேட்டி துண்டு எழுதியாயிற்று. அபுதாஹிர் வேலைக்கு வரும் நாளையும் உங்கள் வார லீவுக்கே மாற்றியாயிற்று. நேரில் வாருங்கள், மாமா. பழைய கூரையில் முதல் போல்ட்டை நீங்கள் கழற்றுங்கள். புதுக் கூரையில் அடுப்படிக்கு மேலே ஒன்றே ஒன்றைப் பள்ளத்தில் போடுங்கள். கீழே ரசச் சட்டியை நான் வைத்துக்கொள்கிறேன்.