கணினிக்கு ஒரு டிரைவர் நியமனம்

பொறுமை என்ற நற்குணம் இவ்வுலகில் இன்னும் அழிந்துவிடவில்லை என்பதற்கு எங்கள் அலுவலகம் ஒன்றே போதும். புதிதாக வந்த கிராபிக்ஸ் கார்டை அடையாளம் தெரியவில்லை என்று கணினி கைவிரித்தபோது, வேறு அலுவலகமாக இருந்தால் பதறியிருப்பார்கள். அவசரப்பட்டு அதைச் சரிசெய்துகூட இருப்பார்கள். நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல.

எங்களுடையது வெள்ள முன்னறிவிப்பு அலுவலகம். மழை அளவையும் ஆற்று மட்டத்தையும் கொடுத்தால், எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று கணினி கணக்கிட்டுப் படம் வரையும். பழைய ஏற்பாட்டில் அந்தப் படம் முடிவதற்குள் தண்ணீர் வந்து, வடிந்து, சனங்கள் மெத்தையைக் காயப்போட்டிருப்பார்கள். எங்கள் முன்னறிவிப்புக்கு ஊரார் 'பின்னறிவிப்பு' என்று பெயர் வைத்தார்கள். எல்லாம் பொறாமைதான், வேறென்ன?

இந்தக் களங்கத்தைத் துடைக்கவே கிராபிக்ஸ் கார்டு வாங்கப்பட்டது. அது வந்தால் காபி ஆறுவதற்குள் படம் தயாராகிவிடுமாம். இயக்குநர் கணினிப் பெட்டியின் குறுக்கே ரிப்பன் கட்டச் சொல்லி, கைதட்டலுக்கு நடுவே வெட்டினார். ரிப்பனோடு மவுஸ் வயரையும் சேர்த்து வெட்டிவிட்டார் என்பது வெறும் தொழில்நுட்ப விவரம்.

வேறு மவுஸ் வந்ததும் வரைபடப் பொறியாளர் கணினியை இயக்கினார். திரையில் ஒரு மஞ்சள் முக்கோணம். பக்கத்தில் 'அறியப்படாத சாதனம்' என்ற வாசகம்.

இயக்குநரின் முகம் சுருங்கியது. "என்னம்மா இது, நம்ம கார்டைத் தெரியாதுங்குது? நான் கையெழுத்துப் போட்டு வாங்கினதாச்சே!"

பொறியாளர் கார்டைக் கழற்றினார். முனைகளை ரப்பரால் துடைத்து, மறுபடி அழுத்திப் பொருத்தினார். மின் இணைப்பைச் சோதித்தார். கார்டின் விசிறி ஜோராகச் சுற்றியது. முக்கோணம் அசைந்து கொடுக்கவில்லை.

"கார்டுல குறையில்ல சார். டிரைவர் போடணும். கார்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கிறதுக்கு ஒரு சின்ன புரோகிராம், அவ்வளவுதான். பாஸ்வேர்டு குடுத்தா இப்பவே போட்டுடுவேன்."

பாஸ்வேர்டு கணினிப் பிரிவின் தலைவரிடம் இருந்தது. அவரோ 'நெருக்கடியில் துரித முடிவெடுத்தல்' என்ற பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். பயிற்சி முடியும்வரை போனை எடுக்கக் கூடாதாம். "எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன்," என்றார் அவருடைய உதவியாளர்.

எழுத்து என்று வந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் நான்தான். 'கணினிக்கு டிரைவர் இல்லாததால் பணி முடங்கியுள்ளது. உடனே டிரைவர் வழங்கி உதவுக' என்று ரத்தினச் சுருக்கமாக எழுதினேன். கடிதம் மேலே போனது. அங்கிருந்து பக்கவாட்டில் போனது. போக்குவரத்துப் பிரிவில் போய் இறங்கியது. இரண்டொரு நாளில், சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி ஒருவர் வந்து நின்றார்.

"புது டிரைவர் நான்தான். வண்டி எங்க நிக்குது?"

"வண்டி இல்லண்ணே, கம்ப்யூட்டர்," என்றார் பொறியாளர்.

அவர் அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். "ரிவர்ஸ் எடுக்குமா?"

நியமன ஆணை ஆணைதான். அதை ரத்து செய்ய இன்னொரு ஆணை வர வேண்டும். அதுவரை டிரைவர் அண்ணன் கணினியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், போக்குவரத்துப் பிரிவிலிருந்து அவர் ஏறிவந்த ஜீப் வாசலிலேயே நிற்க வேண்டும் என்று இயக்குநர் தீர்ப்பளித்தார். பொறியாளர் மறுபடி எழுதிக் கேட்டதற்கு, 'ஏற்கெனவே ஒரு டிரைவர் இருக்க, இன்னொருவர் எதற்கு?' என்று மேலிடம் நறுக்கென்று பதில் அனுப்பியது. சிக்கனம் என்றால் இதுவல்லவா!

இந்த நிலையில் ஒரு 'உயர்நிலைக் குழு' அமைத்தோம். செயலாளர் அடியேன். முதல் கூட்டத்திலேயே விவகாரத்தின் ஆணிவேரைப் பிடித்துவிட்டோம்: யார் யாரை முதலில் அங்கீகரிப்பது?

"புதுசா வந்தது கார்டு. அதுதான் முதல்ல வணக்கம் சொல்லணும்," என்றார் இயக்குநர்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" என்று உதவியாளர் கேட்டார்.

"எத்தனையோ தடவை பண்ணியாச்சு," என்றார் பொறியாளர்.

"அனுமதி வாங்கிப் பண்ணீங்களா?"

பொறியாளர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். அனுமதி பெறாத மறுதொடக்கங்கள் செல்லாது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சத்தம் கூட்டத்துக்கு இடைஞ்சலாக இருந்ததால் ஜன்னல்களைச் சாத்தினோம்.

மழை விடவில்லை; நாங்களும் விடவில்லை. இரண்டாம் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது பொறியாளரின் போன் அடித்தது. ஆற்றோரத் தெருவில் குடியிருக்கும் அவருடைய அக்கா. அவர் போட்ட சத்தம் மேஜை முழுக்கக் கேட்டது.

"ஏய், தண்ணி பாலத்தைத் தொட்டுடுச்சுங்கிறாங்க. எங்க தெருவுக்கு வருமா? பிள்ளைங்கள தூக்கிட்டுக் கிளம்பவா? நீ அங்கதானே இருக்க, பாத்துச் சொல்லேண்டி!"

பொறியாளர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "சார், ஆத்து மட்டத்தைப் பாத்தாலே தெரியுது. ஆத்தோரத் தெருவைக் காலி பண்ணச் சொல்லிடலாம்."

"படம் எங்கம்மா?"

"படம் இல்ல சார். கண்ணு இருக்கு."

"படம் இருந்தா முன்னறிவிப்பு. இல்லாட்டி வதந்தி. வதந்தி பரப்பினா என்ன நடவடிக்கைன்னு செயலாளரைக் கேளு."

நான் விதியை அதன் எண்ணோடு சொன்னேன்.

பொறியாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போனில், "கிளம்புக்கா. எதையும் எடுக்காத, பிள்ளைங்களோட கிளம்பு. வரேன்," என்றார். திரும்பினால், டிரைவர் அண்ணன் சாவியோடு எழுந்து நிற்கிறார்.

இயக்குநர் அதிர்ந்தார். "யோவ், உன்னைக் கம்ப்யூட்டருக்குல்ல ஒதுக்கியிருக்கு!"

"அது எங்கயும் ஓடிப் போயிடாது சார். வந்து ஓட்டிக்கிறேன்."

இருவரும் போய்விட்டார்கள். கூட்டத்தின் பாதியில், தலைமை வகித்த இயக்குநரிடம் சொல்லிக்கொள்ளாமல்! அக்காவும் பிள்ளைகளும் முதல் நடையில் மேட்டுக்கு வந்தார்களாம். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்கள், பிரசவமாகி வாரம் ஆகாத ஒரு பெண், படுத்த படுக்கையாக இருந்த ஒருவர். ஒவ்வொரு நடைக்கும் தண்ணீர் ஒரு படி ஏறியிருந்தது. தெருச் சரிவின் கடைசி வீட்டில் ஒரு தையற்காரர். கால் சரியாக நடக்க வராது. மகள் வேலைக்குப் போயிருந்தார். ஜீப் அங்கே திரும்பும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து நின்றுவிட்டது. இருவரும் இறங்கி மார்பளவு தண்ணீரில் போயிருக்கிறார்கள். இழுப்பு தாங்கவில்லை. பொறியாளரை டிரைவர் அண்ணன்தான் முடியைப் பிடித்து இழுத்துக் கரைசேர்த்தார்.

தையற்காரர் துணி வெட்டும் மேஜைமேல் ஏறியிருந்தார் என்பது தண்ணீர் வடிந்த பிறகு தெரிந்தது. மேஜை போதிய உயரம் இல்லை.

அந்த நேரத்தில் நாங்களும் சும்மா இருக்கவில்லை. அனுமதியுடன் கூடிய முதல் மறுதொடக்கத்தை முறைப்படி நடத்தி முடித்தோம்.

பயிற்சி முடிந்து திரும்பிய கணினிப் பிரிவுத் தலைவர், நின்றவாக்கில் பாஸ்வேர்டை அடித்தார். டிரைவர் ஏறியது. மஞ்சள் முக்கோணம் மறைந்தது. கார்டின் பெயர் அட்சரம் பிசகாமல் திரையில் வந்தது. எழுந்து நின்று கைதட்டினோம். வடிந்துபோன வெள்ளத்தின் கணக்குகளைக் கொடுத்துப் படம் வரைந்தோம். உண்மையிலேயே காபி ஆறவில்லை! என்ன அழகு! மேட்டுத் தெருக்கள் வெளிர்நீலம், ஆற்றோரத் தெரு நீலம், அதன் கடைசி வீடு கறுப்போ என்று மயங்கும்படியான கருநீலம்.

அந்தப் படத்துக்கு அந்த ஆண்டின் 'துல்லிய முன்னறிவிப்பு' விருது கிடைத்தது. வதந்தி பரப்பியதற்காகப் பொறியாளருக்கும், ஒதுக்கப்பட்ட கணினியைக் கைவிட்டு ஓடியதற்காக டிரைவருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. வாசகம் என்னுடையது.

விருதுக்குப் பிறகு படத்தைப் பெரிதாக அச்சிட்டு எங்கள் வரவேற்பறையில் மாட்டினோம். ஒருநாள் தையற்காரரின் மகள் வந்தார். வெகுநேரம் அதன்முன் நின்றார். பிறகு கருநீலத்தின்மேல் விரலை வைத்தார்.

"இது எங்க வீடு."

"ஆமாம்மா," இயக்குநர் பூரித்துப்போனார். "எவ்வளவு தெளிவாத் தெரியுது பாருங்க!"

"தெரியுது சார். அன்னைக்கு ஏன் தெரியல?"

இயக்குநர் என்னைப் பார்த்தார். எங்களுக்குப் பதில் சொல்லக் கூடாது என்றில்லை. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே: பாதிக்கப்பட்டவர் நேரில் வந்து கேட்டால் மட்டுமே பதில் தரலாம். அதை அந்தப் பெண்ணிடம் எடுத்துச் சொல்லி, அப்பாவை அழைத்துவரச் சொல்லியிருக்கிறோம்.