எட்டுக்கு எட்டு சரியாப் போச்சு

கணக்கில் எம்.எஸ்ஸி. படித்தவர்களை நம்பி டீசர்ட் வாங்காதீர்கள். நானே படித்தவள் என்பதால் சொல்கிறேன்.

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் சேர்ந்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவோம் என்றார் முதலாளி. "நெலைக்கலீன்னா பேசாம பி.எட். சேர்ந்துரு கண்ணு" என்று அப்பா விண்ணப்பமே வாங்கி வைத்திருந்தார். (பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் பொறுமை எனக்குச் சுத்தமாகக் கிடையாது.)

துவைத்தால் துணி சுருங்குகிறதா என்று பார்ப்பது என் வேலை. துணியில் ஐம்பது சென்டிமீட்டருக்குச் சதுரம் வரைந்து, துவைத்துக் காயவைத்து, மறுபடி அளக்க வேண்டும். அன்றைக்கு நீளம் எட்டு சதவீதம் குறைந்திருந்தது; அகலம் எட்டு சதவீதம் கூடியிருந்தது. மைனஸ் எட்டு, பிளஸ் எட்டு. எனக்கு ஒரே சந்தோஷம். 'மொத்த மாற்றம்: 0' என்று எழுதி, அடியில் கோடு வேறு போட்டுக் கையெழுத்திட்டேன்.

தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவுச் செல்வியக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, ரெண்டையும் கூட்டலாமுங்களா?"

"அதெல்லாம் கணக்குங்க அக்கா" என்றேன். (அந்தத் திமிரை நினைத்தால் இன்னும் காது சுடுகிறது.)

அந்தத் துணியில் நாற்பது சாம்பிள் தைத்தார்கள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் வந்து ஒன்றைத் துவைக்கச் சொல்லி, காய்ந்ததும் தானே போட்டுப் பார்த்தார். நல்ல உயரமான மனுசன். தொப்புள் தெரிந்தது, தோள் தையல் முழங்கையைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

முதலாளி ரிப்போர்ட்டை என் முன்னால் வைத்தார்.

"ஏனம்மிணி, தெக்க எட்டடி, கெழக்க எட்டடி நடந்தா நின்ன எடத்துக்கே வந்துருவீங்களா?"

"இல்லீங்க."

ஒவ்வொரு திசையிலும் தனித்தனியாகப் பூச்சியம் வந்தால்தான் வெக்டர் பூச்சியமாகும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். வாங்கிய மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது.

"எனக்கு அப்பவே சந்தேகமுங்க. நாந்தான் அழுத்திக் கேக்காம உட்டுட்டேன்" என்று செல்வியக்கா பழியில் பாதியை எடுத்துக்கொண்டார். வேலை தப்பியது. ஆனால் அவர் கையெழுத்தில்லாமல் என் ரிப்போர்ட் எதுவும் செல்லாது என்று உத்தரவானது.

வீணான டீசர்ட்டில் ஒன்றை அப்பா எடுத்துக்கொண்டார். தொப்பைக்குக் கச்சிதம். என்னைப் பெண் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிய அன்றும் அதைத்தான் போட்டிருந்தார்.

"பையன் ஒசரம் கொஞ்சம் கம்மி, அகலம் கொஞ்சம் ஜாஸ்தி. உன்ற கணக்குல சரியாப் போச்சு கண்ணு" என்றார். இன்றைக்கும் மாப்பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்கிறார்.

மாப்பிள்ளைக்கான அந்த ஒரு ரிப்போர்ட்டில் மட்டும் செல்வியக்காவைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டேன்.