மாதிரிப் படம் இணைக்கப்பட்டுள்ளது

இந்த நூற்றாண்டின் மாபெரும் சிற்பிகள் எங்கே என்று வருங்காலம் தேடினால், வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்கு அலைந்து ஏமாற வேண்டாம். முடிச்சூரில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் அப்பாக்களை விசாரித்தால் போதும். தன்னடக்கம் தடுத்தாலும் சொல்லிவிடுகிறேன்: நானும் அவர்களில் ஒருவன்.

என் பெயர் ஜெர்சன். சிறுசேரியில் மென்பொருள் வேலை பார்ப்பது வயிற்றுப்பாட்டுக்கு. என்னைக் கலைக்கு அழைத்தது மகள் ஜெரூஷாவின் பள்ளிச் சுற்றறிக்கைதான். 'மாணவர்தம் கற்பனைத்திறனை வளர்க்கும் கண்காட்சி. தலைப்பு: எங்கள் ஊர். பெற்றோர் உதவி அறவே கூடாது. மாதிரிப் படம் இணைக்கப்பட்டுள்ளது. மாதிரியிலிருந்து மாறுபட்டவை ஏற்கப்படமாட்டா.' கற்பனையை இதைவிடப் பத்திரமாக யாரால் வளர்க்க முடியும்?

மாதிரியில் இருந்தது தாம்பரம் ரயில் நிலையம். இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். சாப்பாட்டு மேசையில் தெர்மாகோலைப் பரப்பினேன்.

"டாடி, நானும் கொஞ்சம் ஒட்டட்டுமா?"

"கைல சாம்பார் இருக்கு, தள்ளி உக்காரும்மா. உன் கிரியேட்டிவிட்டியத்தான் டாடி பண்ணிட்டிருக்கேன். டிஸ்டர்ப் பண்ணாத."

ஸ்டேஷன் கட்டுவது எளிது. அதைக் குழந்தை கட்டியதுபோல் காட்டுவதில்தான் கலைஞன் தெரிகிறான். கோணமானி வைத்துக் கூரையை ஏழு டிகிரி சாய்த்தேன். பெயர்ப் பலகையை இடது கையால் எழுதினேன். ஓரங்களில் அளந்து பசை வழியவிட்டேன். மனைவி மெட்டில்டா பார்த்துவிட்டு, "எட்டு வயசுப் புள்ள பண்ண மாதிரி இருக்குங்க. நம்ம புள்ளைக்குப் பத்து," என்றாள். கூரையை மூன்று டிகிரி நிமிர்த்தினேன்.

மிஞ்சிய துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போன ஜெரூஷா, ஒரு செருப்புப் பெட்டிக்குள் என்னவோ செய்தாள். போன பெருமழையில் எங்கள் தெரு. ஜன்னல் வரை தண்ணீர். கார்மேல் ஒரு நாய். மொட்டைமாடியில் நான், லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடிக்கொண்டிருந்தேன். கண்காட்சிக்குக் கிளம்பும்போது அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன். துணிப்பையில் போட்டு எடுத்து வந்துவிட்டாள்.

பள்ளி வாசலில் காவலாளி சம்பந்தம் என் கையிலிருந்த ஸ்டேஷனைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஜெரூஷாவின் பைக்குள் எட்டிப் பார்த்து, "இன்னா பாப்பா, நம்ம மழ அப்டியே கீது! மேல நிக்கிறது உங்க நைனாவா?" என்று சிரித்தார். ரசனை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

ஓவிய ஆசிரியர் பக்தவச்சலம் சாருக்கு வாய்த்திருந்தது. கூடத்தில் வரிசையாக நாற்பது தாம்பரம் ஸ்டேஷன்கள். என்னுடையதன் முன் நின்றார். "இந்தக் கோணலப் பாருங்க! பெரியவங்களுக்கு வருமா இது? ஜெரூஷாவுக்கு ஃபர்ஸ்ட் பிரைஸ்!" பிறகு, பக்கத்தில் அவள் வைத்திருந்த பெட்டியைத் தூக்கினார். "இது பெரியவங்க பண்ணது."

"நான்தான் சார் பண்ணேன்," என்றாள் ஜெரூஷா.

"மாதிரில இல்லாத ஒண்ணு குழந்தைக்கு எப்பிடிம்மா தோணும்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்களே சொல்லுங்க. இது யார் பண்ணது?"

"டாடி, சொல்லுங்க." ஜெரூஷா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

மற்ற முப்பத்தொன்பது அப்பாக்களும், விரல்களில் காய்ந்த பசையோடு, என்னையே பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் ஸ்டேஷனைக் கட்டியது யார் என்ற கேள்வி வரும். அது என்னோடு நிற்காது. முப்பத்தொன்பது குடும்பங்களின் மானம் என் நாக்கில் இருந்தது. இயேசுவைத் தெரியாது என்று மறுதலிக்கப் பேதுருவுக்கு மூன்று தடவை தேவைப்பட்டது. எனக்கு ஒன்றே போதுமாயிருந்தது.

"நான் பண்ணதுதான் சார்," என்றேன்.

அப்பாக்கள் கை தட்டினார்கள். ஜெரூஷா என் சட்டையை விட்டுவிட்டாள்.

மறுவாரம் அடுத்த சுற்றறிக்கை வந்தது. தலைப்பு: உண்மை பேசுவோம். ஜெரூஷா அந்தத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"டாடி, இதுக்கு மாதிரி குடுக்கலையே. நம்ம வீட்ல யாரப் பாத்துப் பண்றது?"

தெர்மாகோல் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குரோம்பேட்டைக்குக் கிளம்பினேன்.