மீனின் பதவி என்ன?

ஒரு கோப்பு எந்த வழியாக வந்ததோ அதே வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டும். அலுவலக நடைமுறையில் இதைவிட எளிய விதி கிடையாது. கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். (கேட்காதவர்களுக்கும்.) எதிர்வீட்டு தபன்-தா (தா என்றால் அண்ணன்) தான் எழுதிய கதையை ஒரு தட்டு தேங்காய் உருண்டையோடு என் வாசலுக்கு வந்து கொடுத்தார். விதிப்படி நான் தட்டைக் கழுவி, நாலு எட்டு நடந்து, அவர் வாசலில் இரண்டையும் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

தட்டை மட்டும் அப்படிக் கொடுத்தேன்.

துர்கா பூஜை சமயம். பெஹாலாவில் எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் பந்தல் பந்தலாகச் சுற்றப் போவார்கள், மீதிப் பேர் பூரிக்கு ரயிலேறிவிடுவார்கள். ஓய்வு பெற்றவனுக்கென்று விடுமுறை கிடையாது. மற்றவர்கள் இல்லாத நாட்கள்தான் அவனுக்கு விடுமுறை. மனைவி போய் மூன்று வருஷம். மகள் மைதிலி பெங்களூரில். ஐந்து நாளாக என் வீட்டு அழைப்புமணியை யாரும் தொடவில்லை. கெட்டுப்போயிருக்குமோ என்று நானே வெளியே போய் அழுத்திப் பார்த்தேன். (நன்றாகவே அடித்தது.)

இந்த மாதிரி நாட்களுக்கென்றே மைதிலி புதிதாக வரும் விண்வெளிக் கதைகளையும் மாயக் கதைகளையும் அனுப்பிவைப்பாள். எல்லாம் தலையணை தடிமன். ஒன்றில் ஒரு பெண் நூறு வருஷம் பின்னால் போய்த் திரும்புகிறாள். முன் அனுமதி வாங்கியதாகத் தெரியவில்லை. இன்னொன்றில் ஒரு டிராகன் அரண்மனையில் வேலை பார்க்கிறது. நியமன ஆணை கிடையாது. இதையெல்லாம் மாலைத் தேநீரின்போது தபன்-தாவிடம் சொல்வேன். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் கெட்டேன்.

எங்களுக்குள் வங்காளியும் ஆங்கிலமும் கலந்த பேச்சு.

"ராமநாதன்-பாபு, இது என் முதல் கதை. அறுபத்தெட்டு வயசுல முதல் கதை, சிரிக்காதீங்க. நம்ம குடியிருப்புச் சங்கத்தோட சரஸ்வதி பூஜை மலருக்குக் குடுத்திருக்கேன், போடறதாச் சொல்லிட்டாங்க. பூரி போயிட்டு வர்றதுக்குள்ள படிச்சு வைங்க." (வங்காளத்தில் சரஸ்வதி பூஜை நவராத்திரியில் இல்லை, தை மாசியில்.)

"எத்தனை பக்கம்?"

"நாற்பது. உங்க வங்காளி வேகத்துக்கு நாலு நாள் ஆகும்."

"ரெண்டு நாள் போதும்," என்றேன். ஐந்து நாள் ஆயிற்று.

சனிக் கோளின் நிலவு ஒன்றில் ஒரு துறைமுகம். அதற்கு ஒரே ஒரு காவலர். அவரை மாற்ற வேண்டிய கப்பல் பதினோரு வருஷமாக வரவில்லை. துணைக்குக் கண்ணாடித் தொட்டியில் பேசும் மீன் ஒன்று. தினமும் மாலை காவலர் மீனிடம் கேட்பார்: "இன்னிக்கு யாராவது வந்தாங்களா?" மீன் சொல்லும்: "நான் வந்தேனே." பதினேழாம் பக்கத்தில் ஒருநாள் அவர் கேட்க மறந்துபோகிறார். மீன் இருட்டும்வரை காத்திருந்துவிட்டு, தானாகவே அந்தப் பதிலைச் சொல்கிறது. நான் மீன் வாசனை வந்தாலே ஜன்னலைச் சாத்துகிறவன். இருந்தும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

துடைத்த கை சும்மா இருந்திருக்கலாம். பேனாவை எடுத்தது.

ஆட்சேபம் 4: வழிகாட்டி மாலுமி ஏறாமல் எந்தக் கப்பலும் துறைமுகத்துக்குள் நுழைய இயலாது. ஆட்சேபம் 9: காவலர் பதினோரு ஆண்டுகளில் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை, நம்பத் தகுந்ததல்ல. ஆட்சேபம் 23: மீனின் பதவி என்ன? இப்படி மொத்தம் நாற்பத்தொன்று. கடைசியில், "மேற்கண்டவற்றுக்கு உரிய விளக்கம் கிடைக்கும்வரை இதை வெளியிடுவது உசிதமல்ல." முப்பத்தாறு ஆண்டுகளாக எழுதிய வரி, கை தானாக எழுதியது. பதினேழாம் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குறிப்புத் தாளில் ஆட்சேபத்துக்கு இடம் உண்டு, பிடித்திருந்தது என்பதற்கு இல்லை.

தபன்-தா ஊரில் இல்லை. மலர் சங்கத்துடையது. ஆகவே கதையையும் குறிப்பையும் உரிய வழியாக, சங்கச் செயலாளர் புபாய்க்கு அனுப்பிவைத்தேன். ஒரு கடமையைச் செய்த திருப்தியோடு மத்தியானம் தூங்கவும் செய்தேன்.

துர்கா பூஜை முடிந்தால், வங்காளிகள் மரபுப்படி, தபன்-தா இனிப்போடு வந்து என்னைக் கட்டிக்கொள்வது வழக்கம். அந்த வருஷம் அவர் செருப்புச் சத்தம் என் கதவைத் தாண்டி, மாடி வீட்டுக்காரர்களைக் கட்டிக்கொள்ளப் போயிற்று. இரண்டு நாள் கழித்து மணி அடித்தது. புபாய். என்னைக் காக்கு, அதாவது சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவான்.

"காக்கு, உங்க லெட்டரை கமிட்டில வாசிச்சோம். சென்ட்ரல் கவர்ன்மென்ட் ஆபீசர் எழுதினது, எதுக்கு வம்புன்னு கதையை எடுத்துட்டோம்."

"யார் எடுக்கச் சொன்னது?"

"நீங்கதானே. கடைசி வரி."

"தபன்-தா இருந்தாரா?"

"பக்கத்துலயே உக்காந்திருந்தார். மீனுக்குப் பதவி கேட்டீங்களே, அந்த இடத்துல எல்லாரும் அப்படிச் சிரிச்சாங்க."

"அவர்?"

"டீ வர்றதுக்குள்ள எழுந்து போயிட்டார்."

மைதிலியிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"அப்பா, அவர் உங்களுக்குக் கதை குடுத்தார். நீங்க அவருக்கு மெமோ குடுத்திருக்கீங்க."

"வருத்தம் தெரிவிச்சு எழுதிட்டேம்மா. ஏழு பத்தி."

"அதைக் கிழிச்சுப் போடுங்கோ. பிடிச்சிருந்துதா? அதை மட்டும் எழுதுங்கோ. நம்பர் போடாம."

நம்பர் போடாமல் எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது. "பதினேழாம் பக்கத்தில் அழுதேன்" என்று எழுதி, நானே நடந்துபோய் அவர் கதவிடுக்கில் செருகினேன்.

பதில் இல்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தலையசைப்பார், அவ்வளவுதான். மாலையில் பழக்கதோஷத்தில் இரண்டு கோப்பை தேநீர் போட்டுவிட்டு, இரண்டையும் நானே குடித்தேன். குளிர்காலம் போயிற்று. சரஸ்வதி பூஜை மலர் வந்தது. கதை இருக்க வேண்டிய இடத்தில் மருந்துக்கடை விளம்பரம்.

பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போனால் நான் இப்போது எதற்கும் குறை சொல்ல முடியாது. மாப்பிள்ளை புதுக் கார் வாங்கினாலும் சரி, பேத்தி படம் வரைந்தாலும் சரி, நான் வாயைத் திறப்பதற்குள் மைதிலி கேட்டுவிடுவாள்: "மீனோட பதவி என்னப்பா?" எல்லாரும் சிரிப்பார்கள். பேத்திக்குக் கதை தெரியாது. அவள்தான் சத்தமாகச் சிரிப்பாள்.

தபன்-தாவின் பதில் ஒரு காலையில் என் கதவுக்கடியில் கிடந்தது. வங்காளியில் ஒரே வரி. எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன்.

"ஆட்சேபம் 23-க்கு விளக்கம்: எதிர்வீட்டுக்காரர்."

பழக்கம் விடவில்லை. தாளின் மேல் மூலையில் பெற்றுக்கொண்ட தேதியைக் குறித்தேன்: பிப்ரவரி 27.