வெள்ளிக்கிழமைப் புரியாணியும் என் ஏழு நிமிடமும்

கையில் போன் இருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க ஒரு வரம் வேண்டும். ஆண்டவர் எனக்கு நல்ல மனைவியைத் தந்தார், சோறு போடும் மேசன் தொழிலைத் தந்தார், அந்த வரத்தை மட்டும் தரவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், இரண்டே இரண்டு சொல் எழுதி என் மகளின் கல்யாணத்தை ஆட்டம் காண வைத்தேன். மிச்சத்தை ஏழு நிமிடக் குரல் பதிவில் செய்து முடித்தேன்.

நாங்கள் தேற்றாத்தீவுக் கத்தோலிக்கர். என் மகள் ஜெனிற்றா வந்தாறுமூலைக் கம்பஸில் படித்த காலத்தில் பழகிய பிள்ளை ஜெயசீலன், மட்டக்களப்பு டவுனில் மெதடிஸ்த குடும்பம். கும்பிடுவது ஒரே ஆண்டவரைத்தான். தூரத்துச் சமயக்காரரோடு வராத பிணக்கு, இவ்வளவு கிட்ட இருப்பவர்களோடுதான் வருகிறது. ஏனென்று எனக்குத் தெரியாது. ஜெனிற்றா இரண்டு வருடம் பொறுமையாகக் கதைத்து இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்தாள். எங்கள் கோயிலில் தாலி கட்டுவதற்குக்கூட அவர்கள் ஓம் என்றுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் வளவுக்குள்ளேயே மகளுக்குச் சீதனமாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தேன். கூரை போட்டாயிற்று, பூச்சு வேலை பாக்கி.

அப்போதுதான் ஜெனிற்றா இரு வீட்டாரையும் சேர்த்து வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினாள். நான் வழக்கம்போல விடியற்காலையில் மாதா படம் அனுப்பினேன், பன்னிரண்டு பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும் என்ற எழுத்தோடு. எனக்கு வந்த செய்தி மகள்தான்.

"அப்பா, இந்தக் குறூப்பில மூணு கதை கதைக்கப்படாது. சமயம், அரசியல், சீதனம்."

"அப்ப என்னத்தத்தான் மனே கதைக்கிற?"

"சாப்பிட்டீங்களா எண்டு கேளுங்க. மழை பெய்யிது எண்டு சொல்லுங்க."

மறந்துவிடக் கூடாதென்று, பூசாத சுவரில் அந்த மூன்றையும் பென்சிலால் எழுதிவைத்தேன். பிறகு இரண்டு கிழமை மழையைப் பற்றியே கதைத்தேன். (மழை பெய்யவில்லை. பெய்யவில்லை என்றும் கதைத்தேன்.)

அது தவக்காலம். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சுத்தபோசனம், இறைச்சி அடுப்பேறாது. அன்று மத்தியானம் புது வீட்டில் பூச்சுக்காகக் கட்டிய சாரத்தில் இருந்து இறங்கி, பருப்பும் முருங்கையிலைச் சுண்டலும் எப்போது வரும் என்று காத்திருந்தேன். போன் கிணுகிணுத்தது. மாப்பிள்ளையின் தாய் கிறேஸ் ஒரு படம் போட்டிருந்தார். பெரிய தட்டு நிறையப் புரியாணி. மேலே மண்ணிறத்தில், எண்ணெய் பளபளக்கத் துண்டு துண்டாக இறைச்சி. கீழே, "இன்றைய சமையல். மருமகள் ஞாபகமாகச் செய்தது."

என் பிள்ளையை நினைத்துக்கொண்டு, தவக்கால வெள்ளியில், மாட்டிறைச்சி. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் சுவரைப் பார்த்தேன். சமயம் கதைக்கக் கூடாது. சரி, கதைக்கவில்லை. சீமெந்து காய்ந்த பெருவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எழுதினேன்:

"இன்று வெள்ளிக்கிழமை."

இதில் என்ன பிழை? கலண்டரில் உள்ளதைத்தானே சொன்னேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு சோற்றில் கை வைத்தேன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா, ஓய்வுபெற்ற வாத்தியார், சபையில் பிரசங்கமும் செய்வார். அவர் எழுதினார்: "ஆம். நாளை சனிக்கிழமை."

என் அண்ணன் பிலிப் சும்மா இருப்பாரா? "தவக்கால வெள்ளிக்கிழமை" என்று எழுதினார். உடனே வாத்தியாரிடமிருந்து வேதாகம அதிகாரமும் வசனமுமாக இலக்கங்கள் வந்து விழத் தொடங்கின, லொறியில் இருந்து கல் பறிக்கிற மாதிரி. நான் ஒன்றைத் தேடி வாசிப்பதற்குள் நாலு வந்துவிடும். எழுதி இவரோடு ஈடுகொடுக்க முடியாது என்று கண்டு, மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"இயேசுவுக்குப் புகழ்" என்றுதான் தொடங்கினேன். பிறகு சுத்தபோசனம் எதற்கு, ஆண்டவர் பாடுபட்ட நாளில் நாக்கை அடக்கத் தெரியாதவர் எதை அடக்குவார் என்று கேட்டேன். ஒரு தட்டு இறைச்சிக்காக வெள்ளிக்கிழமையை மறக்கிறவர்களுக்கும், தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறுகிறவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்றேன். (வாத்தியார் இரண்டு முறை கட்சி மாறியவர் என்பது எனக்கு அப்போது தெரியாது.) கடைசியில், "வீடு கட்டிக் குடுக்கிறது நான். அந்த வீட்டுக்குள்ள வெள்ளிக்கிழமை இறைச்சிச் சட்டி ஏறாது" என்று முடித்தேன். சமயம், அரசியல், சீதனம். மகள் மூன்றைத் தள்ளி வைக்கச் சொன்னாள், நான் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்திருந்தேன்.

பிறகு, மாப்பிள்ளையின் தகப்பன் குழுவிலிருந்து விலகினார் என்று வந்தது. அதற்குக் கீழே, கிறேஸ் விலகினார்.

என் மனைவி றீற்றா சோற்றுக் கோப்பையை என் முன்னாலிருந்து எடுத்தாள். நான் பாதிதான் சாப்பிட்டிருந்தேன். "இஞ்ச பாருங்க, கலவை குழைக்கிற கைக்குப் போன் என்னத்துக்கு?" என்றாள்.

வேலைவிட்டு வந்த ஜெனிற்றா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். புது வீட்டு வாசற்படியில் இருந்தாள்.

"ரெண்டு வருசம் கதைச்சு எடுத்த சம்மதம் அப்பா" என்றாள். "நீங்க ஏழு நிமிசம் கதைச்சீங்க. ஜெயசீலன்ட அம்மா அழுறாவாம்."

இத்தனை வருடத்தில் எத்தனையோ சுவர் கட்டியிருக்கிறேன். என் பிள்ளைக்குக் குறுக்கே ஒன்றைக் கட்டுவேன் என்று நினைத்ததில்லை.

அடுத்த நாள் காலைப் பூசை முடிந்ததும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டேன்.

"பாதர், போனால ஒரு பாவம் செய்திட்டன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "என்ன படம் பாத்தாய்?"

"புரியாணிப் படம் பாதர்."

முழுக் கதையும் சொன்னேன். பாதர் இருமினார். (சிரிப்பை இருமலாக்கினார் என்று நினைக்கிறேன்.) "பாவத்தை ஆண்டவர் மன்னிப்பார். குறூப்பில கிடக்கிறத்த நான் அழிக்க ஏலா. பஸ் ஏறி அவங்கட வீட்ட போ" என்றார்.

கல்முனையிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினேன். குருக்கள்மடம் தாண்டும்வரை என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன். கல்லடிப் பாலத்தில் ஏறும்போது எல்லாம் மறந்துவிட்டது. ஆண்டவரே, அந்த வீட்டுக் கதவு திறந்தால் போதும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

கதவைத் திறந்தது கிறேஸ்தான். கண் வீங்கியிருந்தது. "வாங்க அண்ணன். ஒள்ளுப்ப நேரம் இரிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவருடைய கணவர் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார், எனக்கு அவருடைய விரல்கள் மட்டும்தான் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் கிறேஸ் ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நேற்றைய புரியாணி, சூடாக்கியது.

"சாப்பிட்டுட்டுக் கதைங்க அண்ணன். இண்டைக்குச் சனிக்கிழமைதானே."

தலையைக் குனிந்து சாப்பிட்டேன். பாதித் தட்டு முடிந்ததும், ஏதாவது நல்லதாகச் சொல்லித் தொடங்குவோம் என்று வாயைத் திறந்தேன். "இறைச்சி நல்ல பதமா வெந்திருக்கு தங்கச்சி."

"அது சோயா மீற், அண்ணன்."

பேப்பர் நடுங்கியது. பிறகு மடங்கிக் கீழே விழுந்தது. அந்த மனிசன் கண்ணீர் வரச் சிரித்தார். "மச்சான், வாயில வச்சும் உங்களுக்கு விளங்கல்லயா" என்றார்.

கிறேஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"உங்கட மகள்தான் சொன்னவ, தவக்காலத்தில வெள்ளிக்கிழமை உங்கட வீட்டில இறைச்சி இல்லையெண்டு. வாற பிள்ளை பிடிக்கிற நோன்ப நாமளும் பிடிச்சுப் பாப்பம் எண்டு மூணு வெள்ளியா இஞ்சயும் இறைச்சி வைக்கல்ல."

"அதக் குறூப்பில சொல்லியிருக்கலாமே தங்கச்சி."

"நோன்பச் சொல்லிக்காட்டப்படாது எண்டுதானே அண்ணன் படிச்சிரிக்கம். மறுகா மனசு கேக்கல்ல, படத்தப் போட்டுட்டன். அது என்ட பெருமைதான்."

நான் வேதம் ஓதினேன் ஏழு நிமிடம். அவர் அதை மூன்று வெள்ளியாகச் சமைத்து வைத்திருந்தார், அதுவும் என் பிள்ளைக்காக. அந்தத் தட்டில் என்ன இருக்கிறதென்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கிழமை தெரிந்ததால் எல்லாம் தெரியும் என்று நினைத்தேன். எழுந்து கையெடுத்துக் கும்பிட்டேன். கையில் சோறு ஒட்டியிருந்தது.

"கல்யாணம் நடக்கும் மச்சான், அதுக்குப் பயப்பிடாதீங்க" என்றார் அவர். "ஆனா எல்லாருக்கும் கேக்கத்தானே பேசினீங்க. எல்லாருக்கும் கேக்கத்தான் திருப்பி எடுக்கணும்."

அவர்கள் முன்னாலேயே போனை எடுத்து, குழுவில் மைக் படத்தை அழுத்தினேன். "நான் பேசினது பிழை. தங்கச்சி சமைச்சது சோயா. என்னை மன்னியுங்க" என்றேன். அத்தோடு மைக்கிலிருந்து விரலை எடுத்தேன். வாத்தியார் முதல் ஆளாகக் கும்பிடும் கைகளின் படம் போட்டார், இந்த முறை இலக்கம் எதுவும் இல்லாமல்.

ஜெனிற்றா உடனே அவர்கள் இருவரையும் குழுவில் மீண்டும் சேர்த்தாள். அதே கையோடு என்னை நீக்கினாள். கல்யாணம் எங்கள் கோயிலில் நடந்தது, வாத்தியார் வந்து முன்வரிசையில் இருந்தார். இப்போது இரண்டு வீட்டிலும் எந்தச் சட்டியைத் திறந்தாலும் யாராவது ஒருவர், "பொறுங்க, ஜெனிற்றாட அப்பாட்டக் காட்டுங்க, இறைச்சியா சோயாவா எண்டு அவருக்குத்தான் தெரியும்" என்பார். அதற்குச் சிரிக்கப் பழகிவிட்டேன். கஷ்டம் என்னவென்றால், சொந்தக் குடும்பத்துச் செய்தியெல்லாம் எனக்குக் கடைசியாகத்தான் வந்து சேர்கிறது.

இந்த வருடம் தவக்காலம் தொடங்கும்போது மகளிடம் பணிவாகக் கேட்டேன். "மனே, நான் திருந்திட்டன். என்னத் திரும்பக் குறூப்பில போடன்."

"எல்லாரிட்டயும் கேட்டுத்தான் அப்பா போடலாம்" என்று போனைத் தட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமி ஓம் எண்டிட்டா. மாமாவும் ஓம். வாத்தியார் பெரியப்பாவும் ஓம்."

"அப்ப என்ன?"

"ஒரு ஆள் மட்டும் வேணாம் எண்டு எழுதியிரிக்காங்க."

திரும்பிப் பார்த்தேன். றீற்றா தன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கீரை ஆயத் தொடங்கியிருந்தாள்.