தேகுன் தோள் வளர்த்த கதை

தேகுன் விட்ட அம்பு இலக்கைத் தொடவில்லை. பாதி வழியில் கோஸ் வயலில் இறங்கிவிட்டது. ஒன்றல்ல, ஐந்தும்.

மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. அம்பெய்யும் இடத்தில் வாய் திறக்கக் கூடாது. அந்த மௌனம்தான் அதிகம் சுட்டது.

ஒரே சுற்றில் ஐந்து அம்பும் தைத்தால் ஜொப்ஜாங் என்று பட்டம். பட்டம் வாங்கியவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. தேகுனுக்குத் தலை நரைத்தது, பட்டம் வரவில்லை. நேற்று வில் தூக்கிய மச்சினன் தால்சு வாங்கிவிட்டான். அக்காள் புருஷன் மச்சினனைப் பார்த்து, "வாங்க ஜொப்ஜாங்" என்று குனிய வேண்டும். சோறு இறங்குமா?

பலம் பத்தவில்லை என்று முடிவு கட்டினான். எருமைக் கொம்பில் செய்த வில் அது. எருமைக் குணம் போகவில்லை. ஈரம் பட்டால் துவளும். வில்லுக்கென்றே வீட்டில் வைத்திருக்கும் சூட்டுப் பெட்டியில் கிடந்து காய்ந்தால் முரண்டு பிடிக்கும்.

மனைவியிடம் போனான். "உன்சிம், இந்த வருஷம் கோஸ் கழுவி ஊறவெக்கிற கிம்ச்சி வேலைக்கு என்னைக் கூப்பிடாதே. நான் பயிற்சியில இருக்கேன்."

"என்ன பயிற்சி?"

"தோள் பயிற்சி. மலைக்குப் போறேன்."

"போங்க சாங்மின் அப்பா. வில்லை நானே எடுத்துத் தரேன், நானே வாங்கி வெக்கிறேன். நீங்க தோளை மட்டும் பாருங்க."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும். அவன் யோசிக்கிற ஆள் இல்லை. கனவு காண்கிற ஆள்.

பைன் கிளையில் தொங்கினான். கல்லைத் தூக்கினான். தூக்கியவன் இறக்க மறந்து நின்றான். கீழே ஆறு பனியில் மிதந்தது. பனிக்குள் ஓர் அம்பு போய்க்கொண்டே இருந்தது, தெற்கே போகும் வாத்து மாதிரி, அவசரமில்லாமல். பின்னால் இன்னொன்று. ஐந்தும் போயின. தூரத்தில் பலகையில் டங் டங் என்று சத்தம். "ஜொப்ஜாங்!" என்று மலையே கூப்பிட்டது.

கல் காலில் விழுந்தது.

சில நாளில் வில் இளகியது.

"பாத்தியா? ரெண்டு விரலால இழுக்கறேன்."

"பாத்தேன். தோளா அது, தூணா?"

"வீட்ல என்ன நாத்தம்?"

"உங்க வேர்வைதான். பலம் ஏற ஏற ஆம்பளைக்கு அப்படித்தான் நாறும்."

அக்குளை முகர்ந்து பார்த்தான். பெருமையாக இருந்தது.

மண்டபத்துக்குப் போனான். "வில் கற்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் முதல் அம்பை விட வேண்டும். சொன்னான். "நிறையத் தைக்கட்டும்" என்றார்கள். அம்பு முன்பைவிட அவன் காலுக்குக் கிட்டத்தில் விழுந்தது.

"தோள் வந்தாச்சு. இடுப்பு வரலை" என்றாள் உன்சிம். "நிக்கிற ஆளு ஆடினா அம்பு ஆடாதா?"

"என்ன பண்றது?"

"கோஸை முதுகுல சுமந்தா காலுக்கு. குத்தவெச்சுக் கழுவினா இடுப்புக்கு. உப்புத் தண்ணி போகப் பிழிஞ்சா மணிக்கட்டுக்கு. ஜாடி தூக்கினா மொத்த உடம்புக்கும்."

"இது கிம்ச்சி வேலை இல்லையா?"

"வேலைன்னா வேலை. பயிற்சின்னா பயிற்சி. எல்லாராலயும் முடியாது. வேணாம், விடுங்க."

விடுவானா? சுமந்தான். கழுவினான். குளிர்ந்த நீரில் ஒவ்வொரு கோஸும் வெள்ளையாக விரிந்து இலக்குப் பலகையாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கோஸும் வந்து இறங்கியது.

"இது எதுக்கு?"

"இடது தோளுக்கு."

கடைசிக் கிம்ச்சி ஜாடியையும் கெடாமலிருக்க மண்ணில் புதைத்தான். இரண்டு நாள் கழித்து அவள் நீட்டிய வில் கல்லாக இருந்தது.

"என்னடி இப்படி இறுகிக் கிடக்கு?"

"குளிருதில்ல?"

மண்டபத்தில் நின்றான். இழுத்தான். எருமை முரண்டு பிடித்தது. தோள் விடவில்லை. அம்பு பனிக்குள் போனது, கனவில் போன அதே நிதானத்தில். டங். ஐந்தும் டங்.

அந்த மண்டபத்தில் ஒரு வழக்கம். புது ஜொப்ஜாங் எல்லார் முன்னாலும் தன்னைத் தயார் செய்தவர் பெயரைச் சொல்லித் தலை வணங்க வேண்டும். தேகுன் அதை மலையிலேயே ஒத்திகை பார்த்திருந்தான். 'யாருமில்லை. மலையும் நானும்.'

அதற்குள் தால்சு வில்லை வாங்கி மூக்கைச் சுளித்தான்.

"அத்தான்... இல்ல, ஜொப்ஜாங்! வில்லு ஏன் புளிச்ச சோயா மாதிரி நாறுது?"

"அது என் வேர்வை."

"வேர்வையா! அக்கா எங்களுக்குக் குடுத்தனுப்பின சோயாவும் இதே வாடைதான். இந்த வருஷம் சூட்டுப் பெட்டியில புளிக்க வெச்சாளாம். ஊருக்கே குடுத்திருக்கா. முந்தாநாள்தான் பெட்டி காலியாச்சாம்."

"அப்போ அது வரைக்கும் வில்லு எங்க இருந்தது?"

"வெளியில ஈரத்துல கெடந்திருக்கும். குழந்தைகூட இழுக்கலாம், அம்புதான் போகாது."

தேகுன் வில்லைத் திரும்ப வாங்கி முகர்ந்தான். இரண்டு விரலால் இழுத்தது ஞாபகம் வந்தது. முதுகில் ஏறிய கோஸ் ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது.

"சொல்லுங்க ஜொப்ஜாங்" என்றார் மண்டபத் தலைவர். "உங்களைத் தயார் பண்ணினது யாரு?"

மலையைப் பார்த்தான். பனி மூடிக்கொண்டிருந்தது. வாசலில் சோயாக் குழம்புப் பானையோடு ஒருத்தி, ஒன்றும் தெரியாத முகத்தோடு நின்றிருந்தாள்.

குனிந்தான்.

"என் பொண்டாட்டி. உன்சிம்."